லீவில் அம்மாவுக்கு செக்கப்: கர்ப்பப்பை உட்சுவரை யார் பார்க்கிறார்கள்?

வளைகுடாவிலிருந்து ஒரு மாத லீவில் குமரி மாவட்டம் வருகிறவர்கள் அம்மாவை நாகர்கோவிலுக்கோ மார்த்தாண்டத்துக்கோ முழு உடல் பரிசோதனைக்குக் கூட்டிப்போவது வழக்கமாகிவிட்டது. பெண்களுக்கான பேக்கேஜில் பாப் ஸ்மியர் இருந்தால் 'கர்ப்பப்பைக்கும் பார்த்தாச்சு' என்று நிம்மதியாகிவிடுகிறார்கள். அது கர்ப்பப்பை வாய்ப் புற்றுநோய்க்கான சோதனை. உட்சுவரில் வரும் எண்டோமெட்ரியல் புற்றுநோய் அதில் அகப்படும் என்று நம்ப முடியாது.

தொந்தரவு எதுவும் இல்லாதவர்களுக்கு இந்த நோயைத் தேடுவதற்கென்று வழக்கமான ஸ்கிரீனிங் கிடையாது. ஆகவே பேக்கேஜுக்கு முன் ஒரு கேள்வி: "அம்மா, நின்னதுக்கு அப்புறம் எப்பமாவது ரத்தம் பட்டுதா?" 'சூடுதான், வெந்தயத் தண்ணி குடிச்சேன்' என்று பதில் வந்தால் அன்றைக்கே மகப்பேறு டாக்டரிடம் போக வேண்டும். மாதவிலக்கு நின்று ஒரு வருடம் கழித்து ஒரு சொட்டு பட்டாலும், பழுப்பாகக் கசிந்தாலும் கணக்குதான். இந்த நோய் உள்ளவர்களில் ஏறக்குறைய 90 சதவீதம் பேருக்கு ரத்தம் படுகிறது. அப்படிப் படுகிறவர்களில் சுமார் பத்தில் ஒருவருக்குத்தான் புற்றுநோய்.

முதலில் உள்வழி ஸ்கேன், அதாவது பிறப்புறுப்பு வழியாக எடுக்கும் ஸ்கேன். வயிற்று ஸ்கேன்போல தண்ணீர் குடித்து அடக்க வேண்டாம், சிறுநீர் கழித்துவிட்டுப் போக வேண்டும். ரிப்போர்ட்டில் எண்டோமெட்ரியல் திக்னஸ் (உட்சுவரின் தடிமன்) 4 மில்லிமீட்டருக்கு மேல் இருந்தால் சதை டெஸ்ட் (பயாப்சி). 4-க்குள் இருந்தும் மறுபடி ரத்தம் பட்டாலும் அதேதான். நார்க்கட்டி மறைத்து உட்சுவர் சரியாகத் தெரியாவிட்டால் அதை 'நார்மல்' என்று எடுத்துக்கொள்ளக் கூடாது. மார்பகப் புற்றுக்குத் தமாக்சிஃபென் சாப்பிடுகிறவர்களுக்கு உட்சுவர் தடித்தே தெரியும். அவர்களுக்கு அளவை நம்பாமல், ரத்தம் பட்டால் நேராக சதை டெஸ்ட்டுக்குப் போவதே சரி.

சதை டெஸ்ட்டுக்கு, பைப்பெல் என்ற மெல்லிய குழாயைக் கர்ப்பப்பைக்குள் விட்டு உட்சுவரின் துணுக்கை உறிஞ்சி எடுப்பார்கள். மயக்க மருந்து வேண்டாம், சில நிமிட வேலை, மாதவிலக்கு வலிபோல இழுக்கும். வயதானவர்களுக்குக் கர்ப்பப்பை வாய் சுருங்கிக் குழாய் நுழையாமல் போகலாம். 'மாதிரி போதவில்லை' என்று ரிப்போர்ட் வந்தால் புற்று இல்லை என்று அர்த்தமில்லை. ஹிஸ்டெரோஸ்கோப்பி செய்து, அதாவது கர்ப்பப்பைக்குள் சிறு கேமராக் குழாய் விட்டு, நேரில் பார்த்து எடுக்க வேண்டும். பாலிப் என்ற சிறு சதை வளர்ச்சிக்குள் ஒளிந்திருப்பதைப் பைப்பெல் தவறவிடுவதும் உண்டு.

தனியார் கிளினிக்கில் எடுத்த சதை கெடாமலிருக்கப் போட்டுவைத்த ஃபார்மலின் பாட்டிலை உங்கள் கையிலேயே கொடுத்து லேபுக்கு அனுப்பலாம். பெயரும் வயதும் மூடியில் இல்லாமல் பாட்டிலிலேயே ஒட்டியிருக்கிறதா என்று பாருங்கள். ரிப்போர்ட்டுக்குப் பல நாள் ஆகலாம், மறுபடி எடுக்கவும் நேரலாம். அதனால் லீவின் முதல் வாரத்திலேயே தொடங்குங்கள். திருவனந்தபுரம் ஆர்.சி.சி. புற்றுநோய் மருத்துவமனைக்குப் போகச் சொன்னால் ரிப்போர்ட் காகிதத்தோடு சதையைப் பதித்துவைத்த மெழுகு பிளாக்கையும் கண்ணாடி ஸ்லைடுகளையும் லேபில் கேட்டு வாங்கிக்கொண்டு வண்டியேறுங்கள்.