நக், சாங், பூ, கொன்: தாய்லாந்து மொழியில் தொழிலைச் சொல்ல எதை முதலில் பிடிப்பது?

தாய்லாந்து மொழி படிக்கத் தொடங்கும் தமிழருக்குத் தொழிற்பெயர்கள் தலைகீழாகத் தெரியும். ஆளைக் குறிக்கும் பகுதியை நாம் கடைசியில் ஒட்டுகிறோம்: கடைக்காரர், எழுத்தாளர், ஓட்டுநர். அங்கே அது முதலில் வந்துவிடும். 'கியன்' என்றால் எழுது, 'நக் கியன்' எழுத்தாளர். 'மாய்' என்றால் மரம், 'சாங் மாய்' தச்சர். முன்னால் போடுவது சீக்கிரமே பழகிவிடும். எதைப் போடுவது என்பதில்தான் சிக்கல். நக், சாங், பூ, கொன் என்று நான்கு நிற்கின்றன, நான்குக்கும் ஏறக்குறைய 'ஆள்' என்றே பொருள் சொல்லித் தருவார்கள். (சாங் என்பதில் 'பச்சை'யில் வரும் அழுத்தமான ச்ச. கொன், பூ இரண்டிலும் முதல் எழுத்தை மூச்சுக்காற்றோடு சொல்ல வேண்டும்.)

நான் கொன் பக்கம். பேச்சில் முதலில் கைக்கு வர வேண்டியது அதுதான் என்று முடிவு செய்து, அதையே வைத்துக்கொண்டு பாங்காக்கில் காலம் தள்ளுகிறேன். ஆனால் புதிதாகப் படிக்கிறவர்கள் பலர் நக்கைத்தான் பிடித்துக்கொள்கிறார்கள். காரணம் புரிகிறது. மாணவரைக் குறிக்கும் 'நக் ரியன்' முதல் பாடத்திலேயே வந்துவிடும். அப்புறம் பாடகர் 'நக் ரோங்', விமானி 'நக் பின்', குத்துச்சண்டை வீரர் 'நக் முவய்', பத்திரிகையாளர் 'நக் காவ்' என்று வரிசை கட்டும். வினைச்சொல்லோடும் சேரும், பெயர்ச்சொல்லோடும் சேரும். பின் என்றால் பற, காவ் என்றால் செய்தி. இவ்வளவு வசதியான ஒன்று கிடைத்தால் யாருக்குத்தான் ஆசை வராது?

ஆனால் நக் வெறும் 'செய்பவர்' இல்லை. அந்தக் காரியத்திலேயே ஊறிப்போனவர் என்ற நிறம் அதற்கு உண்டு. 'நக் துயம்' என்றால் குடியில் பிரியம் உள்ளவர், அது தொழிலே அல்ல. 'நக் தோட்' என்றால் கைதி. அந்தத் தோட் நம் தோஷத்தின் உறவுதான். ஆக, நீங்களாக ஒரு நக்-சொல்லை உருவாக்கினால், அந்த ஆளுக்கு ஒரு தேர்ச்சியையோ பட்டத்தையோ சேர்த்தே கொடுத்துவிடுகிறீர்கள்.

சாங் என்பது கைவேலைக்காரருக்கு. மின்பணியாளர் 'சாங் ஃபாய்', பொற்கொல்லர் 'சாங் தோங்', முடி வெட்டுபவர் 'சாங் தட் போம்', புகைப்படக்காரர் 'சாங் பாப்'. அரண்மனைக்கு வேலை செய்த பத்து வகைக் கைவினைஞர்களுக்கு 'சாங் சிப் மூ' என்று பெயர். தாய்லாந்து நுண்கலைத் துறையில் அதே பெயரில் இன்றும் ஒரு அலுவலகம் இயங்குகிறது. எனக்கு மிகவும் பிடித்த விஷயம், சாங்கை வைத்து ஆளைக் கூப்பிடவும் முடியும் என்பது. ஏசி பழுது பார்க்க வந்தவரை 'சாங்' என்று அழைத்தாலே போதும், மரியாதைக்குக் குறைவில்லை. நக்குக்கு இந்த வசதி கிடையாது.

சாங்கை நாமே புதிதாக ஒட்டப் போனால்தான் தொல்லை. வினைச்சொல்லின் முன்னால் வரும்போது அது பல இடங்களில் சுபாவத்தைக் குறிக்கும். 'பூட்' என்றால் பேசு. 'சாங் பூட்' என்றால் பேச்சாளர் அல்ல, வாய் ஓயாதவர். 'சாங் கிட்' என்றால் எதையும் யோசித்துப் பார்க்கும் குணமுள்ளவர். போதாததற்கு, சாங்கை இறங்கும் தொனியில் சொல்லாமல் உயர்ந்த தொனியில் சொன்னால் யானையாகிவிடும்.

பூ எழுத்து வழக்குக்கு உரியது. மேலாளர் 'பூ ஜட்கான்', நீதிபதி 'பூ பிபாக்சா', பயணி 'பூ டோய்சான்'. நோயாளியை வீட்டில் 'கொன் காய்' என்பார்கள், மருத்துவமனை அறிவிப்பில் 'பூ புவாய்' என்று இருக்கும். என் புழக்கம் கடைத்தெருவும் வாடகை வீடும் அலுவலக அரட்டையும்தான். அதனால் பூவைப் பற்றி நான் சொல்வதை வாசித்தவன் சொல்வதாக எடுத்துக்கொள்ளுங்கள், எழுதிப் பழகியவன் சொல்வதாக அல்ல.

இனி கொன். மனிதன் என்பதே அதன் பொருள். அதோடு வினைச்சொல்லைச் சேர்த்தால் 'அதைச் செய்கிற ஆள்' என்று ஆகும், அவ்வளவுதான். பட்டமும் இல்லை, சுபாவமும் இல்லை. நான் இதன் பக்கம் சாய்ந்ததற்கு ஒரே காரணம் உண்டு: நீங்கள் உருவாக்கிய சொல் அந்த ஊரின் வழக்கமான சொல்லாக இல்லாமல் போனால் என்ன ஆகிறது? புது மொழி பேசுகிறவருக்கு இது தினமும் நடக்கும். எல்லாத் தொழிற்பெயரையும் மனப்பாடம் செய்துகொண்டு தெருவில் இறங்க முடியாது.

ஓட்டுநரை எடுத்துக்கொள்வோம். 'கப்' ஓட்டு, 'ரொட்' வண்டி. 'கொன் கப் ரொட்' என்றால் டாக்சிக்காரர் முதல் வீட்டு டிரைவர் வரை எல்லோரும் அடங்குவார்கள். வேலைவாய்ப்பு விளம்பரத்தில் 'பனக்ஙான் கப் ரொட்' என்று போடுவார்கள். பனக்ஙான் என்றால் ஊழியர். நக்கை ஒட்டி 'நக் கப்' என்றால் ஃபார்முலா ஒன் செய்தி வாசிப்பது போல இருக்கும், ஏனென்றால் அது பந்தயக்காரர்களுக்கு வழங்கும் சொல்.

ஏசி மெக்கானிக்குச் சரியான சொல் 'சாங் ஏ'. அது சட்டென்று நினைவுக்கு வராவிட்டால் 'கொன் சோம் ஏ', ஏசி பழுது பார்க்கிற ஆள், என்று சொல்லுங்கள். கீழே வரவேற்பில் இருப்பவர் உடனே போனை எடுப்பார். கல்யாண வீட்டில் சாங் பாப் மறந்துபோனால் 'கொன் தாய் ரூப்', படம் எடுக்கிற ஆள். கொன்னில் தவறினால் பேச்சு கொஞ்சம் வெறுமையாகும், பொருள் கெடாது. மற்றவற்றில் தவறினால் பொருளே வேறு பக்கம் போய்விடும்.

ஒரே வினைச்சொல்லில் மூன்றையும் மாற்றிப் பார்த்தால் வித்தியாசம் பளிச்சென்று தெரியும். சுவரில் எதையோ கிறுக்கிவிட்டுப் போனவர் 'கொன் கியன்'. கட்டுரைக்குள் தன்னையே 'இந்தக் கட்டுரையாளர்' என்று குறிப்பிடுகிறவர் 'பூ கியன்'. எழுத்தையே தொழிலாகக் கொண்டவர் 'நக் கியன்'.

கொன்னுக்கும் பலவீனம் உண்டு. வீட்டு வேலை செய்பவரைக் குறிக்கும் 'கொன் சாய்' இன்று காதுக்கு உறுத்தும், 'மே பான்' என்பதே மரியாதை. குப்பை அள்ளுபவர், உணவு பரிமாறுபவர் போன்றோரை அவர்கள் காதுபடக் குறிப்பிடும்போது கொன்னை விட்டுவிட்டுப் பனக்ஙான் போடுவதே என் பழக்கம். உங்களைப் பற்றிக் கேட்டால் 'பனக்ஙான் போரிசட்', கம்பெனி ஊழியர், என்று சொன்னால் போதும். போரிசட்டுக்குள் இருப்பது நமக்குத் தெரிந்த பரிஷத்.

இந்த நான்கிலும் சேராத முன்சொற்களும் உண்டு: வயலில் உழைப்பவர் 'சாவ் நா', பல் டாக்டர் 'மோ ஃபன்', ஜோசியர் 'மோ டூ'. இவை எண்ணிக்கையில் குறைவு, கேட்டுக் கேட்டே வந்துவிடும்.

கொன் எட்டாத இடம் ஒன்று இருக்கிறது, அது படித்த தொழில்கள். அங்கே ஆளைக் குறிக்கும் பகுதி, நம் வழக்கம் போலவே, கடைசிக்குப் போய்விடுகிறது. சமஸ்கிருதத்தின் 'கர' அது. சொல்லின் கடைசி ர-வை அங்கே ன் என்று ஒலிப்பதால் 'கோன்' ஆகிறது. ஓவியர் 'ஜித்ரகோன்', நிகழ்ச்சித் தொகுப்பாளர் 'பிதீகோன்'. பொறியியலுக்கு 'விட்சவகம்', விசுவகர்மாவின் பெயர்தான்; பொறியாளர் 'விட்சவகோன்'. பல் மருத்துவமனைப் பலகையில் மோ ஃபன்னைத் தேடினால் கிடைக்காமல் போகலாம், அங்கே 'தந்தபேட்' என்று இருக்கும்: தந்தம், வைத்தியர். சித்திரம், கருமம், தந்தம் எல்லாம் தெரிந்த நமக்கு இவற்றை நினைவில் வைக்கப் பெரிய பாடு இல்லை. கொன்னை வைத்துச் சுற்றி வளைக்காமல் இவற்றை மட்டும் அப்படியே மனப்பாடம் செய்துவிடுங்கள். பொறியாளரைக் கொன் போட்டு விளக்கப் போனால் கட்டடம் கட்டுகிற ஆள் என்றுதான் வந்து நிற்கும்.