கோத்தகிரிப் பள்ளியில் ஒரு நாள் பாதுகாப்புப் பயிற்சி: ஆசிரியரின் மதிப்பீடு

கோத்தகிரி அருகே நான் பணிபுரியும் பள்ளிக்குக் கோயம்புத்தூரிலிருந்து ஒரு பயிற்சி நிறுவனத்தினர் வந்து, ஆறு முதல் ஒன்பதாம் வகுப்பு வரையிலான மாணவர்களுக்குப் பாதுகாப்புப் பயிற்சி அளித்தனர். கும்பகோணத்தில் 2004 ஜூலை 16 அன்று 94 குழந்தைகளைத் தீ பலிகொண்ட பிறகு பல பள்ளிகளின் சுவர்களில் தீயணைப்பான்கள் ஏறிவிட்டன. அவற்றை இயக்கத் தெரிந்தவர்கள் எத்தனை பேர் என்பதுதான் என் நெடுநாள் கவலை. இங்கே ஒன்பதாம் வகுப்பினர் காற்று முதுகுப்பக்கம் வீசும்படி நின்று, பின்னை உருவி, குழாயைச் சுடரின் உச்சிக்கு அல்லாமல் அடிப்பகுதிக்கு நேராகப் பிடித்துத் தாங்களே தீயை அணைத்தார்கள். தீ பெரிதாகிவிட்டால் எதையும் எடுக்க நிற்காமல் வெளியேறி 101 அல்லது 112-ஐ அழைக்க வேண்டும் என்பதையும் அழுத்தமாகச் சொன்னார்கள்.

என்னை மிகவும் கவர்ந்தது கரியடுப்பு பற்றிய பகுதி. குளிருக்காக மூடிய அறைக்குள் கரி எரியும்போது உருவாகும் கார்பன் மோனாக்சைடுக்கு நிறமும் இல்லை, மணமும் இல்லை. அது ரத்தத்தில் ஆக்சிஜனின் இடத்தைப் பிடித்துக்கொள்வதால், தலைவலியும் மயக்கமும் வந்து, தூக்கத்திலேயே உயிர் பிரியலாம். இதைக் கேட்ட ஏழாம் வகுப்பு மாணவி ஒருத்தி எழுந்து, "எங்க வீட்ல பாட்டி கட்டிலுக்குக் கீழதான் வைப்பாங்க, நான் சொன்னா கேக்க மாட்டாங்க சார்" என்றாள். பயிற்றுநர் அடுத்த பாடத்துக்குத் தாவவில்லை. தாமே பாட்டியாக அமர்ந்து, "இந்தக் குளிர்ல எப்படிம்மா தூங்கறது?" என்று கேட்டு, "தூங்குறதுக்கு முன்னாடி நானே வெளிய கொண்டுபோய் வைக்கிறேன் பாட்டி, இன்னொரு கம்பளி தர்றேன்" என்று அவள் தயக்கமின்றிச் சொல்லும்வரை பேசவைத்தார். தெரிந்ததை வீட்டில் எடுத்துச் சொல்லும் துணிவையும் சேர்த்துக் கற்பித்த இந்த அக்கறைக்காகவே இப்பயிற்சியை மதிக்கிறேன்.

குறை ஒன்று உண்டு, அது சிறியதன்று. நிலநடுக்கத்துக்கு மேசைக்கடியில் ஒளியும் ஒத்திகைக்கு நெடுநேரம் ஒதுக்கியவர்கள், நிலச்சரிவைச் சில நிமிடங்களில் முடித்துவிட்டார்கள். 2009 நவம்பர் மழையில் இம்மாவட்டத்தில் 40-க்கும் மேற்பட்டோர் மண்சரிவுகளில் மாண்டார்கள். தேயிலைச் சரிவுகளின் ஓரமாக நடந்து பள்ளிக்கு வரும் பிள்ளைகளுக்கு, சரிவில் புதிதாகத் தோன்றும் விரிசல், சாயத் தொடங்கும் மரம், திடீரெனக் கலங்கி வரும் ஓடைநீர் ஆகிய அறிகுறிகளை நேரில் காட்டியிருக்க வேண்டும். சமவெளிப் பள்ளிகளுக்கான பாடத்தையே மலைக்கும் கொண்டுவந்திருக்கிறார்கள் என்றே தோன்றுகிறது.

ஆயினும் பயிற்சியைப் பரிந்துரைக்கிறேன். அழைக்கும் பள்ளிகள் நிலச்சரிவுக்கெனத் தனி அமர்வை முன்கூட்டியே கேட்டுப் பெறுவதோடு, வடகிழக்குப் பருவமழைக்கு முன்பாகச் செப்டம்பரிலேயே தேதி வாங்கிவிடுவது நல்லது.