நின்றபடி வரைய ஒரு பை: எட்டு மாதம் பயன்படுத்திய பிறகு

அலுவலகத்தில் கணக்கு எழுதுவது என் வேலை. மதிய இடைவேளையில் சாப்பிட்டது போக இருபது நிமிடம் மிஞ்சும். அந்த இருபது நிமிடத்தில் தெருவுக்கு வந்து ஏதாவது ஒரு மூலையை வரைவேன். இதற்காக எட்டு மாதத்துக்கு முன் ஒரு தொடக்கத் தொகுப்பு வாங்கினேன். ஜிப் வைத்த துணிப்பை. உள்ளே பன்னிரண்டு வாட்டர்கலர் (தண்ணீரில் கரைத்துப் பூசும் வண்ணம்) வில்லைகள் கொண்ட தகரப் பெட்டி, இரண்டு கறுப்புப் பேனா, கைப்பிடிக்குள் தண்ணீர் நிரப்பும் ஒரு வாட்டர் பிரஷ், ஏ5 அளவில் ஒரு ஸ்கெட்ச் புக், பென்சில், இரண்டு கிளிப். கூடவே ஒரு மடக்கு ஸ்டூல். ஏறக்குறைய இதே சாமான்களை அடுக்கிப் பல நிறுவனங்கள் விற்கின்றன. அதனால் பெயரை விட்டுவிடுகிறேன். எது உழைக்கிறது, எதை முதல் வாரமே மாற்ற வேண்டும் என்பதைச் சொன்னால் வாங்க நினைப்பவர்களுக்குப் போதும்.

ஒவ்வொரு பொருளையும் நான் ஒரே கேள்வியை வைத்துத்தான் பார்த்தேன். நின்றபடி இதைப் பயன்படுத்த முடியுமா? இன்னொன்றும் சொல்லிவிட வேண்டும். எனக்கு இடது கைப் பழக்கம். பெரும்பாலான மதிப்புரைகளில் இதைப் பற்றி ஒரு வரிகூட இருக்காது. இடது கைக்காரர்கள் தேடிப் படிக்கட்டும் என்றே இதை எழுதுகிறேன்.

முதலில் ஸ்டூல். முதல் மாதம் அதில் உட்கார்ந்துதான் வரைந்தேன். கட்டடங்கள் ஓரளவு வந்தன, மனிதர்கள் மட்டும் சரியாக வரவே இல்லை. பக்கத்தில் நிற்பவர் ராட்சதராகவும் தள்ளி நிற்பவர் குழந்தையாகவும் தெரிந்தார்கள். ஒருநாள் ஸ்டூலை எடுத்துப்போக மறந்து, நின்றபடியே வரைந்தேன். அன்றைக்குத்தான் விஷயம் பிடிபட்டது. சமதரையில் நாம் நிற்கும்போது, நம் உயரம் உள்ளவர்கள் பத்தடியில் நின்றாலும் நூறடியில் நின்றாலும் அவர்களுடைய கண்கள் நம் கண் உயரத்தில் கிடையாக ஓடும் கண்மட்டக் கோட்டிலேயே விழும். தூரம் கூடக்கூடப் பாதங்கள்தான் மேலே ஏறிக்கொண்டே போகும். ஆக, தாளின் குறுக்கே மெல்லிய கோடு ஒன்று போட்டு, எல்லாத் தலைகளையும் அதில் மாட்டிவிட்டு, உடம்பை வேண்டிய நீளத்துக்குக் கீழே இறக்கினால் கூட்டம் தயார். உட்கார்ந்தால் கண்மட்டம் இடுப்பு, மார்பு அளவுக்கு இறங்கிவிடும். அப்போது ஒவ்வொரு தலையையும் தனித்தனியாக அளந்து வைக்க வேண்டும். புதிதாகத் தொடங்குகிறவருக்கு அது அதிகப்படியான பாரம். ஸ்டூலின் தையலிலோ கால்களிலோ எந்தக் குறையும் இல்லை. என்றாலும் அதை வீட்டிலேயே வைத்துவிட்டேன்.

கட்டடங்களுக்கும் அதே கண்மட்டக் கோடுதான் துணை. கோட்டுக்கு மேலே இருக்கும் கூரை விளிம்பு, சன்னல் மேல்கட்டை எல்லாம் தூரம் போகப்போகக் கீழே சாயும். கோட்டுக்குக் கீழே இருக்கும் நடைபாதை, படிக்கட்டு எல்லாம் மேலே ஏறும். இது மனதில் நின்றுவிட்டால் ஸ்கேல் தேவையில்லை.

அடுத்து தகரப் பெட்டி. இந்தத் தொகுப்பில் எனக்கு மிகவும் பிடித்தது இதுதான். மூடினால் உள்ளங்கையில் அடங்கும். திறந்தால் மூடியே வண்ணம் கலக்கும் தட்டு, அதில் மூன்று பள்ளம். அடியில் கட்டைவிரல் நுழைக்க ஒரு வளையம் வைத்திருக்கிறார்கள். வளையம் நடுவில் இருப்பதால் எந்தக் கையிலும் மாட்டலாம், அது நல்ல யோசனை. ஆனால் நிற்கும்போது அந்தக் கைதானே புத்தகத்தையும் பிடிக்க வேண்டும்? அங்கே கைகொடுப்பது கிளிப். பையில் இருந்ததிலேயே சின்னப் பொருள் அதுதான், பை வாங்கும்போது நான் அதைப் பொருட்டாகவே நினைக்கவில்லை. புத்தகத்தின் அட்டை விளிம்பையும் பெட்டியின் ஓரத்தையும் சேர்த்து ஒரு கிளிப்பில் கடிக்கவிட்டேன். பெட்டி புத்தகத்தின் ஒரு சிறகு மாதிரி நிற்கிறது. நான் இடப்பக்கம் மாட்டுவேன், வலது கைக்காரர்கள் வலப்பக்கம் மாட்டலாம். இரண்டாவது கிளிப் காற்றில் தாள் புரளாமல் பிடித்துக்கொள்ளும். இப்போது பையைத் திறந்ததிலிருந்து முதல் கோடு விழும்வரை ஒரு நிமிடம்கூட ஆவதில்லை. இருபது நிமிடமே கையில் இருக்கும் எனக்கு இது பெரிய விஷயம்.

வண்ணங்களைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும். மஞ்சள் இரண்டு, சிவப்பு இரண்டு, நீலம் இரண்டு, பச்சை இரண்டு, காவி, அடர் பழுப்பு, கறுப்பு, வெள்ளை என்று கொடுத்திருக்கிறார்கள். தோட்டம் வரைகிறவருக்கு இது சரி. நகரத்தில் நாம் பார்ப்பதில் பாதிக்கு மேல் சாம்பல்தான். தார்ச்சாலை, சிமெண்டு, நிழல், மின்கம்பம், மழைக்காலத்து வானம் எல்லாம் விதவிதமான சாம்பல். அந்தச் சாம்பலுக்குக் கறுப்பு வில்லையை நாடினால் படத்தில் ஓட்டை விழுந்த மாதிரி இருக்கும். கறுப்புக்கு ஆழம் உண்டு, ஆனால் அதற்குள் வெளிச்சம் இருக்காது. இந்த வேலைக்கு அல்ட்ராமரீன் நீலமும் பர்ன்ட் சியன்னா என்ற செங்கல் பழுப்பும் வேண்டும். தொகுப்பில் அல்ட்ராமரீன் இருக்கிறது, பர்ன்ட் சியன்னா இல்லை. இதை நான் பெரிய குறையாகவே சொல்வேன்.

ஒரு ட்யூப் பர்ன்ட் சியன்னா தனியாக வாங்கினேன். வெள்ளை வில்லையைப் பெயர்த்து எடுத்துவிட்டு, அந்தக் காலிக் குழியில் பாதி அளவு பிதுக்கி, இரண்டு நாள் காயவிட்டு, பிறகு மீதியை நிரப்பினேன். ஒரேயடியாக நிரப்பினால் மேலே காய்ந்து உள்ளே ஈரமாகவே கிடக்கும். (வெள்ளை போனதில் வருத்தமே இல்லை. வாட்டர்கலரில் வெள்ளை என்பது வண்ணம் படாமல் விட்ட தாள்தான்.) வண்ணத்தை ட்யூபில் அடைக்கும் யோசனை ஜான் காஃப் ராண்ட் என்ற ஓவியருடையது. 1841இல் அவர் தகரத்தில் அதைச் செய்து காப்புரிமை வாங்கினார். எண்ணெய் வண்ணக்காரர்கள் தைரியமாக வெளியே கிளம்பி வரைய அந்த ட்யூப் பெரிதும் உதவியது. அன்றைக்கு அந்தக் குழியை நிரப்பும்போது அவரை நன்றியோடு நினைத்துக்கொண்டேன்.

இந்த இரண்டு வண்ணமும் கலப்பதைப் பக்கத்தில் வைத்துப் பார்க்க வேண்டும். தட்டில் நீலத்தைக் கரைத்து, தூரிகை நுனியில் கொஞ்சம் சியன்னா எடுத்து விட்டதும் முதலில் ஒரு கலங்கல் வரும். இன்னும் கொஞ்சம் சேர்த்தால் நீலமும் இல்லை, பழுப்பும் இல்லை, இரண்டும் ஒன்றையொன்று அணைத்துக்கொண்ட சாம்பல் கிடைக்கும். நீலம் தூக்கலாக இருந்தால் அது நிழலுக்கு. சியன்னா தூக்கலாக இருந்தால் வெயில் பட்ட பழைய சுவருக்கு. அல்ட்ராமரீனின் துகள்கள் தண்ணீரில் ஒன்றோடொன்று கூடித் திரளும். சொரசொரப்பான தாளில் தண்ணீர் காயும்போது அவை பள்ளங்களில் தங்கிவிடும். மேட்டில் பழுப்பும் பள்ளத்தில் நீலப் புள்ளிகளுமாக, சிமெண்டுப் பூச்சு உதிர்ந்த சுவரின் தோல் தானாகவே வந்துவிடுகிறது. முதல் தடவை இதைப் பார்த்தபோது வரைவதை நிறுத்திவிட்டு அது காய்வதையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

பேனாக்கள் நன்றாகவே இருக்கின்றன. மை காய்ந்தபின் தண்ணீர் பட்டாலும் கரைவதில்லை. வாட்டர்கலர் போட நினைப்பவர்கள் முதலில் பார்க்க வேண்டியது இதைத்தான். ஆனால் "காய்ந்தபின்" என்பதை அழுத்திச் சொல்கிறேன். சாதாரண நோட்டுத் தாள் மையை உடனே உறிஞ்சிவிடும். வாட்டர்கலர் தாளில் தண்ணீரை மெதுவாக உள்ளே விடுவதற்காக ஒரு பசைப் பூச்சு இருக்கும். அதனால் மையும் மேற்பரப்பில் கொஞ்ச நேரம் ஈரமாகவே நிற்கும். இடமிருந்து வலமாக இடது கையால் வரைந்துகொண்டு போனால், கை பின்னாலேயே வந்து எல்லாவற்றையும் இழுத்துவிடும். என் முதல் ஏழெட்டுப் பக்கங்களில் கட்டடங்கள் அத்தனையும் புகை மண்டலத்தில் நிற்கின்றன. இப்போது வலப்பக்கத்திலிருந்து தொடங்குகிறேன், உள்ளங்கைக்குக் கீழே ஒரு துண்டுத் தாள் வைத்துக்கொள்கிறேன். இடது கைக்காரர்களே, இந்த ஒன்றை முதல் நாளே செய்துவிடுங்கள்.

பேனா தனியாக வாங்குகிறவர்களுக்கு ஒரு தகவல். மேலே அச்சிட்டிருக்கும் எண்ணை அப்படியே மில்லிமீட்டராக நினைத்துவிடக் கூடாது. உதாரணமாக சகுரா நிறுவனத்தின் பிக்மா மைக்ரான் பேனாவில் 01 என்றால் கோட்டின் அகலம் 0.25 மில்லிமீட்டர், 05 என்றால் 0.45. மெல்லியதை வாங்கினால் நுணுக்கமாக வரும் என்று தோன்றும். தெருவில் நின்று வரைவதற்குத் தடித்த முனைதான் நல்லது, செங்கல் செங்கலாக எண்ணி வரையும் ஆசையை அது அடக்கும்.

வாட்டர் பிரஷ் பற்றி எனக்கு இரண்டு மனம். கைப்பிடிக்குள்ளேயே தண்ணீர் நிற்பதால் தனிக் குவளை தேவையில்லை, நிற்கிறவருக்கு அது வரம். ஆனால் தண்ணீர் நிற்காமல் கசிந்துகொண்டே இருக்கும் என்பதால் அடர்த்தியான நிழல் போடவே முடியாது. எடுத்த வண்ணம் தாளுக்குப் போவதற்குள் நீர்த்துவிடுகிறது. வெயில் நாளில் இன்னொரு தொல்லை. பாதித் தண்ணீரோடு கொண்டுபோனால் உள்ளே இருக்கும் காற்று சூட்டில் விரிந்து தண்ணீரைத் தள்ளும், நடு வானத்தில் ஒரு சொட்டு விழும். எனக்கு இரண்டு முறை விழுந்தது. முழுக்க நிரப்பிக் காற்றுக்கு இடம் இல்லாமல் செய்த பிறகு அது நின்றது. மணிக்கட்டில் ஒரு பழைய காட்டன் துணியைச் சுற்றிக்கொண்டு, ஒவ்வொரு முறையும் தூரிகையை அதில் ஒற்றிவிட்டு வண்ணம் எடுத்தால் கொஞ்சம் அடர்த்தி கிடைக்கிறது. தொடங்க இது போதும். ஆனால் நிழல்தான் ஒரு தெருவைத் தெருவாகக் காட்டுகிறது என்று தெரிந்த பிறகு, மூடி போட்ட சாதாரண வட்டத் தூரிகை ஒன்றைக் கூடவே வைத்துக்கொண்டேன்.

இனி ஸ்கெட்ச் புக். இதில்தான் எனக்குக் கோபம். அட்டையில் 300 ஜிஎஸ்எம் என்று போட்டிருந்தது. முதல் வானத்துக்குத் தண்ணீர் போட்டதுமே தாள் அலை அலையாக எழும்பியது, வண்ணம் பள்ளத்தில் குளம் கட்டி, காய்ந்ததும் விளிம்பில் கறை போட்டது. என் கைதான் சரியில்லை என்று இரண்டு மாதம் நினைத்தேன். பிறகு கணக்குப் போட்டுப் பார்த்தேன். ஜிஎஸ்எம் என்பது ஒரு சதுர மீட்டர் தாளின் எடை, கிராமில். ஏ5 தாள் ஒரு சதுர மீட்டரில் ஏறக்குறைய 32இல் ஒரு பங்கு. அப்படியானால் 300 ஜிஎஸ்எம்மில் பத்துத் தாள் 93 கிராம் இருக்க வேண்டும். பத்துத் தாளைக் கிழித்துத் தராசில் வைத்தேன். 62 கிராம். அதாவது ஏறக்குறைய 200 ஜிஎஸ்எம்.

இதை இவ்வளவு விளக்கமாகச் சொல்வதற்குக் காரணம் இருக்கிறது. கிராம் கணக்கு எனக்குப் பெரிதில்லை. புதிதாக வரைய வருகிறவர் தாளின் குற்றத்தைத் தன் குற்றமாக எடுத்துக்கொண்டு நிறுத்திவிடுவார். நான் அந்த விளிம்பு வரை போய் வந்தேன். உண்மையான 300 ஜிஎஸ்எம் தாளுள்ள புத்தகம் ஒன்றை மாற்றிய அன்றே என் வானம் தட்டையாக, சீராகக் காய்ந்தது. அன்றைக்கு மாறியது தாள் மட்டும்தான். பணத்தைச் சேமிக்க நினைத்தால் பேனாவில் சேமியுங்கள், பிரஷ்ஷில் சேமியுங்கள். தாளில் வேண்டாம். பழைய புத்தகத்தை நான் வீசவில்லை. பேனா மட்டும் வைத்து ஆட்களை வேகமாகக் கிறுக்கிப் பழக அது நன்றாகவே உதவுகிறது.

பென்சில் சாதாரணப் பென்சில். அதை ஒரே காரியத்துக்குத்தான் எடுக்கிறேன். கண்ணில் படும் மிக உயரமான பொருளின் உச்சிக்கு ஒரு புள்ளி, அதன் அடிக்கு ஒரு புள்ளி. அது கோபுரமோ விளக்குக் கம்பமோ, முதலில் இந்த இரண்டு புள்ளியும் தாளுக்குள் இருக்க வேண்டும். இதைச் செய்யாமல் தொடங்கினால் கீழே சன்னல்களை ஆசையாக வரைந்துகொண்டு போய், மேலே கூரைக்கு இடம் இல்லாமல் போகும். அடுத்த வேலை நிழலின் எல்லையைக் குறிப்பது. சூரியன் மணிக்கு 15 பாகை நகர்கிறது. இருபது நிமிடத்தில் 5 பாகை. எதிர்ச் சுவரில் விழும் நிழல் அதற்குள் ஒரு சன்னலைத் தாண்டிவிடலாம். தொடங்கிய நிமிடத்தில் எங்கே இருந்ததோ அங்கேயே அதைப் பிடித்து வைத்துவிட வேண்டும்.

எதை வரைவது என்று கேட்பவர்களுக்கு: ஒரு வாசல் போதும். ஒரு வாசல், அதன் மேல் விழும் நிழல், பக்கத்தில் நிற்கும் ஒருவர். 2007இல் சியாட்டிலில் கேப்ரியல் கம்பனாரியோ என்ற பத்திரிகை ஓவியர் இணையத்தில் தொடங்கிய குழுதான் பின்னாளில் அர்பன் ஸ்கெச்சர்ஸ் என்று உலகம் முழுக்கப் பரவியது. பார்க்கும் இடத்திலேயே இருந்து வரைய வேண்டும், பார்த்த காட்சிக்கு உண்மையாக இருக்க வேண்டும் என்பவை அவர்களுடைய கொள்கைகளில் முக்கியமானவை. இதை நான் மனதார ஏற்கிறேன். வாசலை மறைத்துக்கொண்டு வேன் வந்து நின்றால் அந்த வேனையும் வரைவேன். அன்றைய தெருவில் அதுவும் இருந்ததே.

ஆட்கள் பார்ப்பார்களே என்ற கூச்சம் எனக்கும் இருந்தது. போன மாதம் ஒரு பையன் பக்கத்தில் வந்து நின்றான். "அக்கா, இதுல நான் இருக்கேனா?" என்றான். இல்லை. கொஞ்சம் தள்ளிப் போய் அந்தக் கம்பத்தடியில் நிற்கச் சொன்னேன். அவன் சின்னவன், தலை கண்மட்டக் கோட்டுக்குக் கொஞ்சம் கீழேதான் வந்தது. நான்கு கோட்டில் முடிந்துவிட்டான். ஓடி வந்து பார்த்து, தன் பையையும் சேர்த்துப் போடச் சொன்னான். போட்டேன்.

சரி, வாங்கலாமா? பெட்டிக்காகவும் பேனாவுக்காகவும் வாங்கலாம். வாங்கும்போதே நல்ல தாளுள்ள புத்தகம் ஒன்றுக்கும் ஒரு ட்யூப் பர்ன்ட் சியன்னாவுக்கும் சேர்த்துக் கணக்குப் போட்டுக்கொள்ளுங்கள். ஸ்டூல் இல்லாத தொகுப்பு கிடைத்தால் இன்னும் நல்லது. என் பெட்டியில் இரண்டு பச்சையும் கறுப்பும் இன்னும் புதுசு மாதிரியே இருக்கின்றன. அல்ட்ராமரீன் குழியில் மட்டும் அடித்தளம் தெரிய ஆரம்பித்துவிட்டது. இந்த வாரம் நிரப்ப வேண்டும்.