ஸ்மார்ட் ஸ்பீக்கரும் அம்மாவின் துண்டும்: நான்கு வருட அனுபவம்

ஸ்மார்ட் ஸ்பீக்கர், அதாவது குரல் கொடுத்தால் பாட்டுப் போட்டு மணி சொல்லும் பெட்டி, விலை குறைந்திருக்கிறது என்றதும் நண்பர் கேட்டார்: “உங்கள் வீட்டில் நான்கு வருடமாக இருக்கிறதே, வாங்கலாமா?” வாங்கலாம், வேண்டாம் என்று ஒரு சொல்லில் முடித்திருக்கலாம். எதைச் சொன்னாலும் அரை மணியில் மாற்றிச் சொல்வேன் என்று தோன்றியதால் எழுதியே விடுகிறேன். எந்த நிறுவனத்தின் கருவி என்று சொல்லப்போவதில்லை.

ஒலி, அந்த விலைக்கு நன்றாகவே இருக்கிறது. சீர்காழி கோவிந்தராஜன் உச்சத்துக்குப் போனாலும் பிசிறடிக்கவில்லை. அடாப்டர் ஒருமுறை போனது. தெருமுனைக் கடையில் வேறு கிடைத்தது. அவ்வளவுதான் பழுது.

உண்மையான லாபம் நான் எதிர்பாராதது. அம்மாவுக்குக் கண் பார்வை மங்கல். விடிகாலை மூன்று மணிக்கு விழிப்பு வந்தால் டியூப்லைட்டைப் போட்டு, கடிகாரத்தின் அருகில் போய் நின்று பார்ப்பாள், வீடே எழுந்துகொள்ளும். இப்போது படுத்தபடியே அதன் பெயரைச் சொல்லி “டைம்?” என்கிறாள். தமிழ் புரியாத அந்தப் பெட்டிக்காக நான்கு ஆங்கிலச் சொற்களைக் கற்றுக்கொண்டாள். பாட்டை நிறுத்த “ஸ்டாப்” என்று சொன்ன பிறகு, மனசு கேட்காமல் “போதும்மா” என்றும் சேர்த்துக்கொள்வாள்.

எரிச்சல் என்னவென்றால், அதன் கொசுறு. பத்து நிமிடத்துக்கு டைமர் வை என்றால் வைக்கும். வைத்துவிட்டுச் சும்மா இருக்காது. இதையும் கேட்டுப் பாருங்கள், அந்தச் சேவையில் சேருங்கள் என்று ஒரு வாக்கியம் கூடச் சொல்லும். காய்கறிக்காரரிடம் கறிவேப்பிலையைக் கொசுறாக நாம்தான் கேட்டு வாங்குவோம். இது கேட்காமலே கையில் திணிக்கிறது. அமைப்புகளுக்குள் போய் மூன்று முறை அதை நிறுத்தினேன். ஒவ்வொரு அப்டேட்டுக்குப் பிறகும் திரும்பி வந்துவிட்டது. காசு கொடுத்து வாங்கிய பொருள், கூடத்தில் என் அலமாரியில் உட்கார்ந்துகொண்டு என்னிடமே வியாபாரம் செய்கிறது.

மூன்றாவது முறை நிறுத்தப் போனபோதுதான் அது எடுத்து வைத்திருந்த குரல் பதிவுகளின் பட்டியல் கண்ணில் பட்டது. ஒன்றைத் தொட்டேன். குக்கர் விசில், அதன் பின்னே அம்மா தொலைபேசியில் சித்தியிடம் வரன் பார்த்த கதையைச் சொல்லும் குரல். பதினோரு விநாடி. யாரும் அதைப் பெயர் சொல்லி அழைத்திருக்கவில்லை. எல்லாவற்றையும் அழித்துவிட்டு அம்மாவிடம் சொன்னேன். அன்றிலிருந்து பணம், கல்யாணம், நோய் என்று பேச்சு வந்தால் ஸ்பீக்கர் மேல் ஒரு துண்டைப் போட்டு மூடுகிறாள். துணிக்குள்ளும் அதற்குக் காது கேட்கும், மைக்கை அணைக்கத் தனியே பொத்தான் இருக்கிறது, அழுத்தினால் சிவப்பு விளக்கு எரியும் என்று விளக்கினேன். “அந்தப் பொத்தானையும் அவர்கள்தானே செய்தார்கள்?” என்றாள். எனக்குப் பதில் இல்லை.

அவள் சந்தேகத்தை அறியாமை என்று ஒதுக்க முடியவில்லை. அமேசான், கூகுள், ஆப்பிள் மூன்றிலும் பயனர்களின் குரல் பதிவுகளில் ஒரு பகுதியை ஆட்கள் உட்கார்ந்து கேட்டார்கள் என்பது 2019-இல் வெளியே வந்தது. தன் குரல் உதவியாளரான அலெக்ஸாவிடம் குழந்தைகள் பேசிய பதிவுகளை அழிக்காமல் வைத்திருந்தது என்ற வழக்கில் 2023-இல் அமேசான் 2.5 கோடி டாலர் கட்ட ஒப்புக்கொண்டது. தன் குரல் உதவியாளரான சிரி, அழைக்காமலே பேச்சைப் பதிவு செய்தது என்ற வழக்கை முடிக்க ஆப்பிள் 9.5 கோடி டாலர் தர இசைந்தது. தவறு எதுவும் செய்யவில்லை என்றும் கூடவே சொன்னது. நம் கணக்கில் பெரிய தொகைதான். அவர்களுக்கு டீச் செலவு. 2021-இல் அமேசானைத் தொடங்கிய ஜெஃப் பெசோஸ் தம் சொந்த ராக்கெட்டில் விண்வெளியைத் தொட்டுவிட்டு வந்து, இதற்கெல்லாம் பணம் கொடுத்தவர்கள் நீங்கள்தான் என்று ஊழியர்களுக்கும் வாடிக்கையாளர்களுக்கும் நன்றி சொன்னார். அந்த ஒரு விஷயத்தில் அவரை நம்புகிறேன்.

2025 ஜனவரி 20 அன்று டிரம்ப் பதவியேற்பை அம்மாவும் நானும் தொலைக்காட்சியில் பார்த்தோம். ஜுக்கர்பெர்க், பெசோஸ், சுந்தர் பிச்சை, மஸ்க் என்று வரிசையாக நின்றார்கள். அம்மாவுக்குப் பிச்சையைப் பார்த்ததில் பெருமை. மதுரையில் பிறந்து சென்னையில் படித்த பிள்ளை அல்லவா. “மற்றவர்கள் யார்?” என்றாள். இந்த மாதிரிப் பெட்டிகளும் செயலிகளும் செய்து விற்கிறவர்கள் என்றேன். “இந்தப் பிள்ளையும் செய்கிறதா?” செய்கிறார் என்றேன். ஒன்றும் பேசவில்லை. அடுத்த முறை சித்தி அழைத்தபோது துண்டு இரண்டாக மடிந்து விழுந்தது.

ஆக, நண்பருக்கு என் பதில்: வாங்காதீர்கள். விலை குறைந்தாலும் வேண்டாம், இலவசமாகக் கொடுத்தால் நிச்சயம் வேண்டாம். சொன்னதும் சிரித்துவிட்டு, “அப்படியானால் உங்களுடையதைத் தூக்கிப் போட்டுவிடுவதுதானே?” என்றார்.

தினமும் விடிகாலை மூன்று மணிக்கு வந்து அம்மாவுக்கு மணி சொல்ல முடியுமா என்று கேட்டிருக்கிறேன். இன்னும் பதில் வரவில்லை.