வார்டும் கிளினிக்குமா, விடுதி நிலையமா? தம்பியின் குடிக்கு நாங்கள் தேர்ந்த வழி

தம்பியின் குடியை நிறுத்த எங்கள் முன் இரண்டு வழிகள் இருந்தன. தோட்டத்திலிருந்து ஒரே பஸ்ஸில் போகக்கூடிய ஆதார வைத்தியசாலையில் சேர்த்து, பின்னர் மனநலக் கிளினிக்குக்குத் தவறாமல் கூட்டிச் செல்வது ஒன்று; தங்கவைத்துச் சிகிச்சை தரும் நிலையத்துக்கு அனுப்புவது மற்றொன்று. இலங்கையின் தேசிய அபாயகர ஔடதங்கள் கட்டுப்பாட்டுச் சபைக்குப் பேராதனையில் அத்தகைய நிலையம் உண்டு. அச்சபையின் 1927 என்ற தொலைபேசி இலக்கத்தை அழைத்து விசாரிக்கலாம். நாங்கள் வைத்தியசாலையைத் தேர்ந்தோம். ஆகவே என் தராசு அந்தப் பக்கமே சாயும்.

முதல் வாரத்தில் விவாதத்துக்கு இடமில்லை. நாள்தோறும் குடித்தவர் திடீரென நிறுத்தினால் முதல் 2 நாட்களில் வலிப்பும், அதையடுத்துச் சித்தக் கலக்கமும் வரக்கூடும் என்பதால், வலிப்பைத் தடுக்கும் டயசிபாமும் தயமின் என்னும் விற்றமின் B1 உம் கொடுத்துக் கண்காணிக்க வார்டுதான் வேண்டும். லயன் எனும் தோட்டத்து வரிசை வீட்டின் அறையில் பூட்டிவைத்து நிறுத்தப் பார்ப்பது உயிரோடு விளையாடுவதாகும்.

விடுதி நிலையம் ஆளைக் கசிப்பு என்னும் கள்ளச் சாராயத்திலிருந்தும் கூட்டாளிகளிடமிருந்தும் பிரித்துவிடுகிறது; அது பெரிய நன்மைதான். ஆனால் திரும்பி வருவது அதே லயனுக்கு, அதே சம்பள நாளுக்கு. எங்களுக்கு முடிவைத் தீர்மானித்தது இந்தப் பின்காலமே. தம்பி சம்மதித்த பிறகே வைத்தியர் டைசல்ஃபிராம் எழுதினார். அதை விழுங்கியவர் குடித்தால் முகம் சிவந்து, நெஞ்சு படபடத்து, வாந்தி வரும். மாத்திரையை நிறுத்தி 2 வாரங்கள் வரைகூட அந்த ஆபத்து நீங்காது. ஆனால் விழுங்காமல் துப்பிவிட்டால் பயனேது? தம்பி மனைவி பெரட்டுக்கு, அதாவது காலையில் வேலைக்குப் பேர் பதியும் இடத்துக்கு, போகுமுன் மாத்திரையைத் தண்ணீரில் கரைத்து, அவன் குடித்து முடிக்கும்வரை பக்கத்திலேயே நின்றாள். கிளினிக் கொப்பியில் அடுத்த திகதி எழுதப்பட்டிருப்பதே அவனுக்கு ஒரு கடிவாளமாயிற்று.

குறைகளும் உண்டு. கிளினிக் நாளில் வேலைக்குப் பேர் விழாது, அன்றைய கூலி போயிற்று. ஒருமுறை புதிதாக வந்த வைத்தியருக்குத் தமிழ் தெரியாததால், மொழிபெயர்த்த சிற்றூழியர் ஒருவரின் முன்னிலையில் தம்பி தன் வெட்கத்தையெல்லாம் சொல்ல நேர்ந்தது. அடுத்த முறை அவனை வரவழைக்கப் பெரும்பாடுபட்டோம். விடுதிக்கு அனுப்புகிறவர்களும் ஆலோசனை தமிழில் கிடைக்குமா என்பதை முதலில் கேட்டுக்கொள்ள வேண்டும்.

எங்கள் அனுபவம் சாராயத்தோடும் கசிப்போடும் நின்றது. ஹெரோயினுக்கும் ஐஸ் என்னும் போதைப்பொருளுக்கும் இதே கணக்கைப் போட நான் துணியமாட்டேன். காலையில் பக்கத்தில் நிற்க ஒருத்தி இல்லாதிருந்தால், வார்டிலிருந்து நேரே பேராதனைக்குத்தான் பஸ் ஏறியிருப்போம்.