ஸ்போர்ட்ஸ் கார் எஞ்சின் ஆயில்: சில வருடங்கள் ஊற்றிப் பார்த்ததில்

என்னுடையது 991.2 தலைமுறை போர்ஷ 911. மூன்று லிட்டர், ஆறு சிலிண்டர், இரட்டை டர்போ. வார நாட்களில் அலுவலகம் வரை, எப்போதாவது ரேஸ் டிராக். இந்த இரண்டு வகை ஓட்டமும் ஆயிலை இரண்டு விதமாகக் கெடுக்கும். ஆனால் ஆயில் வாங்கும்போது மட்டும் எல்லோரும் டிராக்கை நினைத்துக்கொண்டுதான் வாங்குகிறோம்.

கேனின் முன்பக்கத்தை நான் இப்போது படிப்பதில்லை. ‘ரேஸிங்’, ‘அல்ட்ரா’ எல்லாம் விளம்பரம். ‘ஃபுல்லி சிந்தெட்டிக்’கும் பெரிதாக எதையும் சொல்லிவிடாது. கச்சா எண்ணெயைக் கடுமையாகச் சுத்திகரித்து எடுக்கிற குரூப் 3 எண்ணெயும் பல நாடுகளில் அந்தப் பெயரில்தான் விற்கிறது, ரசாயன முறையில் உருவாக்கும் பிஏஓ, எஸ்டர் எண்ணெய்கள் கலந்ததும் அதே பெயரில்தான்.

பின்பக்கத்துப் பொடி எழுத்தில் இருக்கும் அங்கீகாரம்தான் விஷயம். என் எஞ்சினுக்கு அது ‘போர்ஷ ஏ40’. புகையில் வரும் நுண்துகளைப் பிடிக்கும் பெட்ரோல் பார்ட்டிகுலேட் ஃபில்டரோடு வரும் புதிய கார் என்றால் சாம்பல் குறைந்த சி40 கேட்கும், இரண்டையும் குழப்பிக்கொள்ளக் கூடாது. வாசகத்தையும் கவனிக்க வேண்டும். ‘ஏ40 அங்கீகாரம் பெற்றது’ என்றால் கார் கம்பெனி சோதித்துப் பட்டியலில் சேர்த்திருக்கிறது. ‘ஏ40 தேவைப்படும் கார்களுக்கு ஏற்றது’ என்றால், அது ஆயில் கம்பெனி தன் பிள்ளைக்குத் தானே போட்டுக்கொண்ட மார்க்.

அடுத்தது கிரேடு. 0டபிள்யூ-40, 5டபிள்யூ-40 இரண்டையும் மாற்றி மாற்றி ஓட்டியிருக்கிறேன். சூடான பிறகு எனக்கு எந்த வித்தியாசமும் தெரியவில்லை, தெரியவும் கூடாது. டபிள்யூ எண் குளிரில் ஸ்டார்ட் ஆவதற்கானது: 0டபிள்யூ மைனஸ் 35 டிகிரியிலும், 5டபிள்யூ மைனஸ் 30 டிகிரியிலும் சோதிக்கப்படுகிறது. 40 என்பது 100 டிகிரியில் பாகுநிலை, அதாவது ஆயிலின் கெட்டித்தன்மை, 12.5 முதல் 16.3 சென்டிஸ்டோக்ஸுக்குள் இருக்கும் என்ற உறுதி. ‘0டபிள்யூ தண்ணி மாதிரி இருக்குமே’ என்று பயப்படுகிறவர்களுக்கு ஒன்று: 0டபிள்யூ-40 ஆயில்கூட 40 டிகிரியில் 70, 80 சென்டிஸ்டோக்ஸ் அளவில் இருக்கும். காலையில் ஸ்டார்ட் செய்யும்போது எந்த ஆயிலும் தேவைக்கு மேல் கெட்டிதான்.

டிராக்கில் ஓட்டுகிறவர்கள் பார்க்க வேண்டிய எண் கேனில் இருக்காது, டேட்டா ஷீட்டில் இருக்கும்: எச்டிஎச்எஸ், அதாவது கடும் வெப்பத்தில் வேகமாக அரைபடும்போது இருக்கும் பாகுநிலை. முழு வேகத்தில் பேரிங்குக்குள் சிக்கிய ஆயில் மெல்லிய படலமாக அரைபடுகிறது. அந்த நிலைமையை 150 டிகிரியில் உருவாக்கி எடுக்கும் அளவு இது. இதன் அலகு வேறு, மில்லிபாஸ்கல் செகண்ட்: 30 கிரேடுக்குக் குறைந்தபட்சம் 2.9 போதும். 0டபிள்யூ-40, 5டபிள்யூ-40 என்றால் 3.5 வேண்டும். ஐரோப்பிய கார் தயாரிப்பாளர் சங்கமான ஏசிஇஏவின் ஏ3/பி4, சி3 தரங்களும் 3.5தான் கேட்கின்றன. இந்த எண்ணை வெளியிடாத கம்பெனியின் ஆயிலை நான் எடுப்பதில்லை.

அப்படியானால் இன்னும் கெட்டியாக 10டபிள்யூ-60 ஊற்றினால் இன்னும் பாதுகாப்பா? இதே எஞ்சின் வைத்திருக்கும் நண்பர் ஊற்றினார். ஐடிலில் ஆயில் பிரஷர் உயர்ந்தது, அவருக்கு ஒரே சந்தோஷம். பிரஷர் ஏறுவது ஆயில் ஓட மறுப்பதாலும் இருக்கலாம் என்று சொன்னால் கேட்கிற ஆளில்லை. ஆயில் சூடாக அதிக நேரம் எடுத்தது, டிராக்கில் ஆயில் வெப்பநிலையும் கூடுதலாகவே நின்றது. பழைய எம்3-இன் எஸ்54, எம்5-இன் எஸ்85 எஞ்சின்களுக்கு பிஎம்டபிள்யூவே 10டபிள்யூ-60 சொன்னது உண்மைதான். அது அந்த எஞ்சின்களுக்குச் சொன்னது.

என் கண்ணைத் திறந்தது லேப் ரிப்போர்ட். ஒவ்வொரு முறை ஆயில் மாற்றும்போதும் பழைய ஆயிலில் கொஞ்சம் பரிசோதனைக்கு அனுப்புகிறேன். டிராக்கில் வாட்டிய ஆயில்தான் மோசமாக வரும் என்று நினைத்திருந்தேன். வந்தது நேர்மாறாக. குளிர்காலம் முழுக்கக் குறுகிய தூரம் மட்டுமே ஓட்டிய ஆயிலில் பெட்ரோல் கலந்து, 40 கிரேடாக ஊற்றியது 12.5-க்குக் கீழே, 30-இன் எல்லைக்குள் இறங்கியிருந்தது. பெட்ரோலை நேராக சிலிண்டருக்குள் பீய்ச்சும் டைரக்ட் இன்ஜெக்ஷன் எஞ்சின் சூடாகும் முன்பே அணைக்கப்பட்டால் கலந்த பெட்ரோல் ஆவியாகிப் போக வழியில்லை. அதற்கு எவ்வளவு உசத்தியான ஆயிலும் மருந்தில்லை. அதனால் இப்போது கிலோமீட்டர் கணக்கைப் பார்க்காமல் குளிர்காலம் முடிந்ததும் மாற்றிவிடுகிறேன். டிராக் பருவத்தைப் புது ஆயிலோடு தொடங்குவது அதில் கிடைக்கும் லாபம்.

அமெரிக்கப் பெட்ரோலியக் கழகம் தரும் ஏபிஐ எஸ்பி முத்திரையும் டர்போ எஞ்சினுக்குப் பயன்தான். 2020-இல் வந்த இந்தத் தரத்தில் குறைந்த வேகத்தில் நேரத்துக்கு முன்பே எரிபொருள் பற்றிக்கொள்ளும் சிக்கலுக்கும், டைமிங் செயின் தேய்மானத்துக்கும் சோதனை உண்டு. அங்கீகாரத்துக்கு அடுத்தபடியாக இதைப் பார்ப்பேன்.

பரிசோதனைக்கு அனுப்புகிறவர்கள் எஞ்சின் சூடாக இருக்கும்போதே வடியுங்கள். முதலில் வரும் ஆயிலில் அடியில் தங்கிய அழுக்கு சேரும், அதை விட்டுவிட்டு நடுவில் வருவதைச் சுத்தமான பாட்டிலில் பிடியுங்கள். இரும்பு, செம்பு, ஈயம் எவ்வளவு என்பதை ஒரே ரிப்போர்ட்டை வைத்துத் தீர்மானிக்காதீர்கள். அதே ஆயிலில் அடுத்தடுத்து இரண்டு மூன்று ரிப்போர்ட்டுகளைப் பக்கத்தில் வைத்துப் பார்த்தால்தான் எண்கள் ஏறுகின்றனவா, அப்படியே நிற்கின்றனவா என்று தெரியும்.