"போர்டு போயிடுச்சு" என்று சொல்லப்பட்ட ஒரு லேப்டாப்

2019-ல் வாங்கிய 15.6 இன்ச் லேப்டாப் இது. இரண்டு 4 ஜிபி ரேம், 1 டிபி ஹார்டு டிஸ்க். கம்பெனி பெயர் வேண்டாம். இந்த விலையில் வரும் பிளாஸ்டிக் பாடி மாடல்கள் பலவற்றுக்கும் ஏறக்குறைய இதே வியாதிகள்தான். ஆரம்ப வருடங்களில் சொல்லும்படி எதுவும் இல்லை. ஹார்டு டிஸ்க் மெதுவாக இழுத்துக்கொண்டே இருந்ததால் அதைவிட வேகமான எஸ்எஸ்டி போட்டேன், அவ்வளவுதான். அப்புறம் ஒவ்வொன்றாக ஆரம்பித்தது.

முதலில், வேலையின் நடுவே பட்டென்று அணைந்துபோகும். விண்டோஸ் கோளாறாகி நிற்கும்போது வரும் ப்ளூ ஸ்கிரீன் கிடையாது. விண்டோஸ் நடந்ததையெல்லாம் குறித்துவைக்கும் ஈவென்ட் வியூவரில் 'கெர்னல்-பவர் 41' என்று ஒரு பதிவு இருந்தது. இதைத் தேடினால் ஆளாளுக்கு ஒரு காரணம் சொல்வார்கள். உண்மையில் அது காரணமே சொல்வதில்லை; போன தடவை முறையாக ஷட்டவுன் ஆகவில்லை என்று அடுத்த பூட்டில் எழுதிவைக்கிறது, அவ்வளவே. உள்ளே 'பக்செக் கோட்' (ப்ளூ ஸ்கிரீனின் பிழை எண்) 0 என்று இருந்தால் மட்டும் ஒரு துப்பு கிடைக்கும்: ப்ளூ ஸ்கிரீன் வந்து நிற்கவில்லை, பவர் அறுந்திருக்கிறது அல்லது மெஷின் அப்படியே உறைந்திருக்கிறது. என்னுடையதில் 0.

சூடாக இருக்குமோ? சூட்டால் நிற்கும் லேப்டாப் பெரும்பாலும் கனமான வேலையில்தான் நிற்கும், அதற்கு முன்பே ஃபேன் அலறும். இது சும்மா டைப் அடிக்கும்போதே நின்றது. கமாண்ட் ப்ராம்ப்ட்டில் பேட்டரி ரிப்போர்ட் எடுத்தேன். ஃபுல் சார்ஜ் கொள்ளளவு புதிதில் இருந்ததில் பாதிகூட இல்லை. அதைவிடப் பெரிய அறிகுறி கைக்கே தட்டுப்பட்டது: டச்பேடின் இடது மூலை க்ளிக் ஆகவில்லை, மேசையில் வைத்தால் லேப்டாப் லேசாக ஆடியது. அடிமூடியைக் கழற்றினால் பேட்டரி பூரி மாதிரி உப்பியிருந்தது. இந்த நிலையில் அதை அழுத்தக் கூடாது, குத்தக் கூடாது, மறுபடி சார்ஜ் போடவும் கூடாது. தீப்பிடிக்கும் ஆபத்து உண்டு. பேட்டரியை எடுத்துவிட்டு சார்ஜரில் மட்டும் ஓட்டினேன், நிற்கவே இல்லை. புது பேட்டரி போட்டதும் டச்பேடும் சரியாகிவிட்டது.

அடுத்தது கொஞ்சம் பயமுறுத்தியது. பவர் லைட் எரிகிறது, ஃபேன் சுற்றுகிறது, திரை மட்டும் கறுப்பு. கடையில் அடிமூடியைக்கூடத் திறக்காமல் "போர்டு போயிடுச்சு சார்" என்றார்கள், அதாவது மதர்போர்டே போய்விட்டதாம். சொன்ன தொகைக்கு செகண்ட் ஹேண்டில் ஒரு லேப்டாப்பே வாங்கலாம். திரும்ப எடுத்துவந்து எச்டிஎம்ஐ கேபிளில் டிவியோடு இணைத்தேன். அதிலும் படம் இல்லை. ஆக, திரை மேல் குற்றம் இல்லை. சார்ஜர், பேட்டரி இரண்டையும் எடுத்துவிட்டு பவர் பட்டனை அரை நிமிடம் அழுத்திப் பிடித்தேன். பலனில்லை. பிறகு ஒரே ஒரு ரேமை மட்டும் விட்டு ஆன் செய்தால் லோகோ வந்தது! மற்றதை அதே ஸ்லாட்டில் போட்டால் மறுபடி கறுப்பு. அதன் தங்க நிற முனைகளைப் பென்சில் ரப்பரால் மெதுவாகத் தேய்த்து, துகள் இல்லாமல் துடைத்துப் போட்டேன். உயிர் வந்தது, ஆனால் ரேமைச் சோதிக்கும் மெம்டெஸ்ட்86 ஓட்டினால் எரர்களாகக் கொட்டியது. அதைத் தூக்கிவிட்டு 8 ஜிபி ஒன்று போட்டாயிற்று. போர்டுக்கு ஒன்றும் ஆகவில்லை.

மூன்றாவது சின்ன விஷயம். மூடியை ஒரு குறிப்பிட்ட கோணத்துக்குச் சாய்த்தால் மட்டும் திரை மினுக்கியது, டிவியில் படம் சுத்தமாக இருந்தது. கோணத்தோடு மாறும் கோளாறு என்றால் முதலில் ஹிஞ்ச் (மூடியின் கீல்) வழியாகப் போகும் டிஸ்ப்ளே கேபிளைத்தான் சந்தேகிக்க வேண்டும். மாற்றியதும் தீர்ந்தது.

கீபோர்டு இன்றும் அருமை. ஹிஞ்ச்தான் மட்டம்: பிளாஸ்டிக்கில் புதைத்த பித்தளை மரைகள் பிய்ந்து வருகின்றன, எபாக்சி வைத்து ஒட்டியிருக்கிறேன். அடுத்தது வாங்கும்போது ப்ராசஸர் பெயருக்கு முன்னால் ரேம் ஸ்லாட் இருக்கிறதா என்று பார்ப்பேன். ரேமை போர்டிலேயே சால்டர் செய்துவிட்ட மெலிசு மாடல்களில் ரேம் போனால் நிஜமாகவே போர்டு போன மாதிரிதான்.